நான்கு பதிவேடுகளில் ஒரே நீர்

நீரை அளக்கும் தொழில் தமிழ்நாட்டில் பல கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளது. மழையை வட்டாட்சியர் அலுவலக வளாகத்து மழைமானிகளிலும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்களிலும் அளக்கிறார்கள். கண்மாயின் நீர்மட்டத்தையும் அணைக்கு வரும் நீரையும் நீர்வளத் துறையினர் குறித்துக்கொள்கிறார்கள். கிணற்று நீர்மட்டத்தை மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில அரசின் நிலத்தடி நீர்ப் பிரிவும் பார்த்து வருகின்றன. ஆறுகளின் ஓட்டத்தை, குறிப்பாக மாநில எல்லையைக் கடக்கும் ஆறுகளின் ஓட்டத்தை, மத்திய நீர் ஆணையம் கணக்கிடுகிறது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. ஆனால் ஐப்பசியில் மழைமானியில் விழுந்து முதல் பதிவேட்டில் ஏறிய நீர்தான் கார்த்திகையில் கண்மாய்ப் பதிவேட்டிலும், தையில் கிணற்றுப் பதிவேட்டிலும், அதன்பின் ஆற்று மணலில் கசியும் மெல்லிய ஓட்டமாக நான்காவது பதிவேட்டிலும் இடம்பெறுகிறது என்பதை நான்கையும் ஒருசேரப் படிக்க வாய்த்தவர்களே உணர்கிறார்கள். வைகை, குண்டாறு வடிநிலங்களில், அதாவது அவ்விரு ஆறுகளை நோக்கி நீர் வடியும் மதுரை, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் வட்டாரங்களில், நீரளவைப் பணியில் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அமைந்தது. அவர்களுடைய பட்டறிவே இங்கே எடுத்துரைக்கப்படுகிறது.

மழையளவு என்பது, விழுந்த நீர் ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் சமதளத்தில் தேங்கி நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அந்த உயரமாகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர் நீரையும், ஒரு ஹெக்டேரில் 10 கன மீட்டர் நீரையும் தரும். நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த சைமன்ஸ் மழைமானியின் வாய் 127 மில்லிமீட்டர், அதாவது 5 அங்குலம், விட்டம் உடையது. அந்த வாய்க்குள் ஒரு மில்லிமீட்டர் மழை சேர்க்கும் நீர் சுமார் 12.7 மில்லிலிட்டர் மட்டுமே. இவ்வளவு சிறிய நீரைக் கொண்டு பல சதுர கிலோமீட்டர் நிலத்தின் மழையை உரைக்க வேண்டியிருப்பதே மழைமானியை நடுவதில் காட்டப்படும் கண்டிப்புக்குக் காரணம். விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் சாயாமல் நிற்க வேண்டும். அருகிலுள்ள மரமும் சுவரும் தத்தம் உயரத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத தொலைவில் இருக்க வேண்டும். அலுவலக வளாகத்தில் யாரோ அக்கறையோடு வைத்த வேப்பங்கன்று பத்து ஆண்டுகளில் கிளை பரப்பி மழைமானியின் மேல் கவியும்போது, அந்த ஊரில் ஆண்டுதோறும் மழை குறைந்து வருவதாகப் பதிவேடு காட்டும். பக்கத்து வட்டத்துப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்காதவர் அதை வானத்தின் மாற்றமாகவே எடுத்துக்கொள்வார்.

அளவு எடுக்கும் நேரம் நாடெங்கும் காலை 8.30 மணி. அளவுக் குடுவையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகத் தாழ்த்தி, குழிந்து நிற்கும் நீர்ப்பரப்பின் அடிவிளிம்பை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை படிக்கிறார்கள். அப்போது எழுதப்படுவது முந்தைய 24 மணி நேரத்து மழையாகும். ஆகவே 2015 டிசம்பர் முதல் தேதி பகலிலும் இரவிலும் சென்னையைச் சூழ்ந்து பெய்த பெருமழை, பதிவேடுகளில் டிசம்பர் 2 என்ற தேதியில்தான் நிற்கிறது. இந்த வழக்கத்தை அறியாமல் மழைப் பதிவையும் ஏரி திறப்புப் பதிவையும் தேதிக்குத் தேதி பொருத்திப் பார்ப்பவர்கள், மழைக்கு முன்பே வெள்ளம் வந்ததாகவோ ஒரு நாள் தாமதமாக வந்ததாகவோ முடிவுகட்டி விடுகிறார்கள். பெருமழையின்போது கொள்கலம் நிரம்பி வழிவதற்குள் இடையிடையே அளந்து கூட்டுவதும் அளவையாளரின் கடமையாகும். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த 95 சென்டிமீட்டர், தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியையே மிஞ்சியது. அத்தகைய நாளில் அளவையாளர் நனைந்துகொண்டே எழுந்து போய் எழுதும் ஓர் எண், பின்னாளில் அணைகளுக்கும் பாலங்களுக்கும் வெள்ள அளவை வகுப்பதற்கு அடிப்படையாகிறது.

உலகக் கணக்கையும் இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூமியில் உள்ள நீர் சுமார் 138.6 கோடி கன கிலோமீட்டர், அதில் 97.5 விழுக்காடு உப்பு நீர். எஞ்சிய நன்னீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாகவும், சுமார் 30 விழுக்காடு நிலத்தடி நீராகவும் இருக்க, ஆறுகளிலும் ஏரிகளிலும் காணப்படுவது ஏறத்தாழ 0.3 விழுக்காடுதான். எந்த நேரத்திலும் காற்றில் ஆவியாக நிற்பது ஏறத்தாழ 13,000 கன கிலோமீட்டர் என்றும், ஒரு நீர்த்துளி சராசரியாக ஒன்பது நாள் அளவே அங்கே தங்குகிறது என்றும் கணித்திருக்கிறார்கள். நிலத்தின் மேல் பெய்வதில் பாதிக்கும் மேற்பட்ட நீர் மண்ணிலிருந்தும் செடிகொடிகளின் இலைகளிலிருந்தும் மீண்டும் காற்றுக்கே போய்விடுகிறது. இந்தச் சுழற்சியை ஊகத்திலிருந்து கணக்குக்குக் கொண்டுவந்தவர்களும் அளவையாளர்களே. பிரான்சில் பியர் பெரோ என்பவர் சேன் ஆற்றின் தலைப்பகுதியில் பெய்யும் மழையையும் அங்கே ஓடும் நீரையும் கணக்கிட்டு, மழை ஓட்டத்தைப்போல் ஆறு மடங்கு இருக்கிறது என்று 1674-இல் எழுதினார். ஆறுகளுக்கு நீர் தருவதற்கு மழை போதாது என்றும், கடலடிச் சுரங்கங்கள் வழியாகவே நீர் வந்து சேர்கிறது என்றும் அதுவரை நம்பியவர்களுக்கு அந்தக் கணக்கே மறுமொழியாயிற்று. மீதி ஐந்து பங்கு எங்கே போனது என்ற கேள்வி மட்டும் நின்றது. ஒவ்வொரு வடிநிலத்திலும் அது இன்றும் நிற்கிறது.

அந்த மீதியில் பெரும்பகுதியைக் கொண்டுபோவது ஆவியாதல். அதை அளக்கப் பயன்படும் ஆவியளவுத் தட்டம் சுமார் 1.2 மீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் ஆழமும் உடைய உலோகத் தட்டாகும். மரச்சட்டத்தின் மேல் வைக்கப்பட்டு, பறவைகள் குடிக்காதபடி இந்தியாவில் கம்பிவலையால் மூடப்படுகிறது. நாள்தோறும் மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, மழை பெய்திருந்தால் அதையும் கூட்டி, குறைந்த அளவை எழுதுகிறார்கள். உலோகத் தட்டு வெயிலில் ஏரியைவிட விரைவாகச் சூடேறுவதால், தட்டத்தின் அளவைச் சுமார் 0.7 என்ற எண்ணால் பெருக்கியே ஏரிக்கு உரைக்க வேண்டும். கோடையில் தட்டம் நாளொன்றுக்கு 7 மில்லிமீட்டர் காட்டுமானால் ஏரியின் இழப்பு ஏறத்தாழ 5 மில்லிமீட்டராகும். கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருந்தாலும், 100 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள கண்மாய்க்கு அது ஒரே நாளில் 5,000 கன மீட்டர், அதாவது 50 இலட்சம் லிட்டர். தென்மாவட்டக் கண்மாய்கள் பரந்தவை, ஆனால் ஆழம் குறைந்தவை. இரண்டு மீட்டர் ஆழத்தோடு நிற்கும் கண்மாய் மூன்று மாதத்தில் ஏறத்தாழ அரை மீட்டரை வானத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மடையைத் திறக்காமல் வைத்திருந்தால் நீர் மிஞ்சும் என்று நம்பிக் காத்திருக்கும் ஊர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்வது எளிதன்று. ஆனால் தைமாதத்துக்குள் பயிருக்குப் போகாத நீரில் ஒரு பங்கு யாருக்கும் பயன்படாமலே கழிகிறது என்பதை அளவுப் பதிவுகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன.

மழைக்கும் கண்மாய்க்கும் நடுவில் மண் இருக்கிறது. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுந்த நீர் 50,000 கன மீட்டர். அதில் கண்மாய்க்கு வந்துசேர்வது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், பாதியாகவும் இருக்கலாம். புரட்டாசியின் கடைசியில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் பெய்யும் முதல் மழை மண்ணின் தாகத்துக்கே போதாது. அதே அளவு மழை கார்த்திகை நடுவில், நிலம் ஏற்கெனவே ஊறி நிற்கையில் பெய்யும்போது, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் இரவோடிரவாகப் பெருகிவிடும். பொதுப்பணித் துறையின் பழைய பொறியாளர்கள் கண்மாய் வரத்தைக் கணக்கிடக் கையாண்ட ஸ்ட்ரேஞ்ச் அட்டவணை, நிலம் உலர்ந்திருந்ததா, ஈரப்பதமாக இருந்ததா, நனைந்திருந்ததா என்பதை முதலில் கேட்டுவிட்டுத்தான் ஓடிவரும் நீரின் விழுக்காட்டைச் சொல்கிறது. கரிசல் பூமியில் இது இன்னும் நுட்பமானது. கோடையில் பாளம் பாளமாக வெடித்த கரிசலில் முதல் மழை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிவிடும். ஈரம் பட்டு மண் பொதுமி வெடிப்புகள் மூடிக்கொண்டபின், அதே நிலம் நீரை உள்ளே விடாமல் வழித்து அனுப்பும். செவல் நிலத்தில் வேறு விதமாக நடக்கும்; உழுத செவல் மண் தொடர்ந்து நீரை வாங்கிக்கொண்டே இருக்கும், உழாமல் இறுகிய செவலில் சிறு மழைக்கே நீர் ஓடத் தொடங்கும். மண் நீரை உறிஞ்சும் வேகம் மழை நீடிக்க நீடிக்கக் குறைந்துகொண்டே வந்து ஒரு நிலையில் நிற்கிறது என்பதை அமெரிக்க நீரியலாளர் ராபர்ட் ஹார்ட்டன் 1930-களில் கணித வடிவில் எழுதினார். மானாவாரி உழவர்கள் அந்த உண்மையை அறிந்தே கோடையுழவு செய்து வந்தார்கள்.

கண்மாய் என்பது தனித்த நீர்த்தேக்கம் அன்று; மேட்டிலுள்ள கண்மாயின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் நீர், பள்ளத்திலுள்ள கண்மாயின் வரத்தாகும்படி தொடராக அமைந்த ஏற்பாட்டில் அது ஒரு கண்ணியாகும். தமிழ்நாட்டில் உள்ள சுமார் 39,000 ஏரி, குளம், கண்மாய்களில் பெரும்பாலானவை இத்தகைய தொடர்களில் சேர்ந்தவை. வைகையும் இவ்வாறு பிரிந்து கண்மாய்களுக்குள் பாய்ந்தபின், எஞ்சிய நீரே இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. நீர் வெளியேறும் கலுங்கில், அதாவது உபரி நீர் வழியும் கற்கட்டு அணையில், இடைவெளி விட்டு நட்ட கற்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். பருவத்தின் தொடக்கத்தில் இந்த இடைவெளிகள் திறந்திருக்க, பெருவெள்ளம் தங்குதடையின்றிக் கழியும்; பருவம் முடியும் தறுவாயில், இனிப் பெருமழை வராது என்று தெரிந்தபின், பலகையும் களிமண்ணும் புல்லும் வைத்து அவற்றை அடைத்து, நீர்மட்டத்தை ஒன்றிரண்டு அடி உயர்த்திக்கொள்வார்கள். எந்த நாளில் அடைப்பது என்பது ஒரு பெரிய முடிவு. முந்தி அடைத்தால் கரை உடையும், உள்வாயில், அதாவது கண்மாயின் நீர் பரவும் பகுதியில், பயிரிட்டவர்களின் நிலம் மூழ்கும். பிந்தி அடைத்தால் அடைப்பதற்கு நீர் இருக்காது. அந்த முடிவைச் சொல்லும் பொறுப்பு நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன், மடைக்குடும்பன் என ஊருக்கொரு பெயரில் அழைக்கப்பட்டவரிடம் இருந்தது. அளவுகோல் இல்லாத கண்மாயிலும் மடைக்கல்லின் எந்த வரியில் நீர் நின்றால் எத்தனை நாள் பாய்ச்சலாம் என்று அவரால் சொல்ல முடிந்தது. அளவையாளர்கள் கொள்ளளவு அட்டவணையைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தபோது அவர் சொன்ன நாளே பல இடங்களில் சரியாக இருந்தது. அட்டவணை பழையதாகவும் கண்மாய் மேடிட்டும் இருந்த இடங்களில் அவருடைய கணக்கே மேலானதாக இருந்தது, ஏனெனில் வண்டல் சேரச் சேர அவர் தம் கணக்கை மாற்றிக்கொண்டே வந்தார், அட்டவணையை யாரும் மாற்றவில்லை.

பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் உள்ள குமிழித் தூம்பும் இங்கே குறிப்பிடத் தக்கது. கரையிலிருந்து சற்று உள்ளே, ஆழமான பகுதியில் இரண்டு கல்தூண்களை நிறுத்தி, அவற்றுக்கிடையே தரையில் கல்தொட்டி அமைத்து, தொட்டியின் மேற்பலகையில் உள்ள பெரிய துளையைக் கல்லால் மூடி வைத்திருப்பார்கள். கல்லைத் தூக்கியதும் தெளிந்த நீர் மேல்துளை வழியாகவும், அடியில் தேங்கும் சேறு கலந்த நீர் பக்கவாட்டிலுள்ள சிறு துளைகள் வழியாகவும் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் செல்லும் கால் வழியே வயலை அடையும். முன்னதை நீரோடி என்றும் பின்னதைச் சேறோடி என்றும் வழங்கினார்கள். பாசனம் நடக்கும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வண்டல் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. கரைச்சுவரில் பதித்த திருகு மதகுகள் வந்தபின் அந்த அன்றாட வெளியேற்றம் நின்றுபோனது, மேடிடுவது விரைந்தது.

இன்று கண்மாயைச் சீரமைப்பது என்றால் பெரும்பாலும் ஆழமாகத் தோண்டுவது என்றே பொருள் கொள்ளப்படுகிறது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மடை வழியாக வயலுக்கு ஏறாது. அது ஆடுமாடுகளுக்கும் ஓரளவு நிலத்தடி நீருக்கும் உதவும், ஆயக்கட்டுக்கு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலத்துக்கு, உதவாது. கரைக்கு நெருக்கமாகத் தோண்டினால் கரையின் கால் பலவீனப்படும். ஆனால் அளவையாளர்களின் கவலை வேறிடத்தில் இருக்கிறது. பல கண்மாய்களின் பதிவுகளை மழைப் பதிவோடு சேர்த்து வைத்துப் பார்க்கையில், மழை குறையாத ஆண்டுகளிலும் வரத்து குறைந்திருப்பது தெரிகிறது. காரணத்தைத் தேடி நடந்தால், அது கண்மாய்க்குள் இல்லை, இரண்டு மூன்று கிலோமீட்டர் மேலே வரத்துக்காலில் இருக்கிறது. ஒரு மனைப்பிரிவின் சாலை அதைக் குறுக்கே வெட்டியிருக்கும், குறுகலான ஒரு குழாய்ப் பாலம் வைத்திருப்பார்கள், சீமைக்கருவேலம் மண்டியிருக்கும், அல்லது ஓடையே பட்டா நிலம்போல உழப்பட்டிருக்கும். கொள்ளளவு இரு மடங்கானாலும் வரத்து வராத கண்மாய் காய்ந்தே கிடக்கும் என்பதால், தோண்டும் செலவில் சிறு பகுதியை வரத்துக்காலை அளந்து கல் நடுவதற்குச் செலவிட்டிருந்தால் பல ஊர்கள் பிழைத்திருக்கும் என்பது இப்பணியில் இருந்தவர்களின் உறுதியான கருத்து.

கிணற்றை அளப்பது, பார்ப்பதற்கு இவையெல்லாவற்றிலும் எளிய வேலை. ஆனால் அதன் பொருளை உணர்வதற்கு ஆண்டுகள் ஆகின்றன. மத்திய வாரியத்தின் உற்றுநோக்குக் கிணறுகளில் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை மட்டம் எடுக்கப்படுகிறது. எஃகு நாடாவின் கடைசி ஒரு மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கி, கட்டைச் சுவரில் பெயின்ட் அடித்துக் குறித்த அளவுப்புள்ளியில் நாடாவின் முழு மீட்டர்க் கோட்டைப் பொருத்திப் பிடித்து, மேலே இழுத்துப் பார்த்தால், சாக்பீஸ் நனைந்து நிறம் மாறிய எல்லை தெளிவாகத் தெரியும். பிடித்த அளவிலிருந்து நனைந்த அளவைக் கழித்து, சுவரின் உயரத்தையும் கழித்தால், தரையிலிருந்து நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது கிடைக்கிறது. நீரைத் தொட்டதும் ஒலிக்கும் மின்கருவி பின்னர் வந்தது. 1995-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய நீரியல் திட்டத்துக்குப் பிறகு தானாகவே மட்டத்தைப் பதியும் கருவிகளும் பொருத்தப்பட்டன. எந்தக் கருவியானாலும், அருகில் எந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, எப்போது நிறுத்தப்பட்டது என்று கேட்டு எழுதாத அளவுக்கு மதிப்பில்லை. காலையில் மூன்று மணி நேரம் இறைத்த கிணற்றில் உடனே எடுக்கப்படும் மட்டம் அந்த மோட்டாரைப் பற்றியது; ஊரின் நீரைப் பற்றியது அன்று.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடினப் பாறையால் ஆனது. அங்கே நிலத்தடி நீர் இருப்பது பாறை சிதைந்து பொலபொலத்த மேலடுக்கிலும், அதன் கீழுள்ள பாறை வெடிப்புகளிலும் மட்டுமே. இந்த மேலடுக்கை ஒரு கன மீட்டர் எடுத்தால் அதிலிருந்து தானாக வடியக்கூடிய நீரின் பங்கு நீர்விடு திறன் எனப்படும்; சிதைந்த பாறையில் அது ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு, ஆற்று வண்டலில் பத்து விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். இந்த ஓர் எண்ணை மனத்தில் கொள்ளாமல் கிணற்றுப் பதிவேட்டைப் படிக்கவே முடியாது. மேலூர்ப் பக்கத்துப் பாறைநிலக் கிணற்றில் பருவமழைக்குப் பின் நீர் ஆறு மீட்டர் ஏறினால், நிலத்துக்குள் சேர்ந்தது 90 மில்லிமீட்டர் நீர். வைகைக் கரையின் வண்டல் நிலத்தில் அதே ஆறு மீட்டர் ஏற்றம் 600 மில்லிமீட்டருக்குச் சமம். பாறைநிலக் கிணறு விரைவில் நிரம்புவதையும் விரைவில் வற்றுவதையும் இதுவே விளக்குகிறது. கிணறு நிரம்பி வழிவதைக் கண்ட ஊர், நீர் ஏராளமாக இருக்கிறது என்று எண்ணி இரண்டாம் போகத்துக்கு நெல் நடும். கையில் இருப்பது 90 மில்லிமீட்டர்தான் என்று பதிவேடு அறிந்திருந்தும் அதை ஊருக்கு எடுத்துச் சொல்ல யாரும் பணிக்கப்படவில்லை. நவம்பர் அளவு எடுத்த அன்றே அந்த ஊரின் பலகையில் அதை எழுதி வைக்கும் வழக்கம் இருந்திருக்குமானால், மாசியில் கிணற்றுக்குள் போர் இறக்கிக் கடன்பட்ட பல குடும்பங்கள் தப்பியிருக்கும். அந்தக் குடும்பங்களின் கிணற்றோரத்தில் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரமாக ஒருபோதும் தோன்றியதில்லை.

இராமநாதபுரத்துக் கடலோரத்தில் கணக்கே மாறிவிடுகிறது. மணற்பரப்பில் ஊறிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரைவிட அடர்த்தி குறைந்ததால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அத்தகைய இடத்தில் நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்று கைபன், ஹெர்ஸ்பர்க் என்ற இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிந்தார்கள். இதன் மறுபுறம் அச்சமூட்டுவது: மேலே ஓர் அடியை இறைத்தால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 அடி ஏறிவரக்கூடும். மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மெல்ல மெல்லக் கோரிக் குடத்தை நிரப்பும் இம்மாவட்டப் பெண்கள், ஊற்று சுரக்கும் வேகத்துக்கு மேல் எடுப்பதில்லை. அதே மணலில் மோட்டார் வைத்த இடங்களில் சில ஆண்டுகளிலேயே நீர் கரித்துப் போயிற்று.

ஆற்றின் ஓட்டத்தை அளப்பதற்கு, குறுக்குவெட்டைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறிலும் ஆழத்தையும் வேகத்தையும் கண்டு பெருக்கிக் கூட்டுகிறார்கள். வேகமானி என்ற கருவியின் சிறு கிண்ணங்கள் நீரில் சுழலும் எண்ணிக்கையைக் கொண்டு வேகம் தெரியும். ஆழம் குறைந்த இடத்தில் நீர்ப்பரப்பிலிருந்து ஆழத்தின் 0.6 பங்கிலும், ஆழமான இடத்தில் 0.2, 0.8 பங்குகளிலும் வைத்துப் பார்ப்பது முறை. வைகை போன்ற ஆற்றில் பெருவெள்ளம் இரவில் வந்து விடியுமுன் வடிந்துவிடுவதால், கருவி இறங்குவதற்குள் உச்சம் கடந்துபோவது வழக்கமாக நிகழ்கிறது. அப்போது வெள்ளம் விட்டுச்சென்ற தடங்களைத் தேடி நடக்க வேண்டும்: பாலத் தூணில் ஒட்டிய நுரைக்கோடு, கருவேல முள்ளில் தொங்கும் வைக்கோல், கரையோரக் கோயில் சுவரில் படிந்த வண்டல் வரி. இவற்றின் உயரத்தை மட்டக்கருவியால் எடுத்து, ஆற்றின் சரிவையும் படுகையின் சொரசொரப்பையும் மேனிங் வாய்பாட்டில் இட்டால் உச்ச ஓட்டம் ஓரளவு கிடைக்கும். அடுத்த மழை கழுவிவிடுவதற்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை அது. ஆனால் நீண்டகால நோக்கில் அதிகம் சொல்வது வெள்ளத்தைவிட வெள்ளம் வடிந்தபின் தொடரும் மெல்லிய ஓட்டம். மழை நின்று பல வாரங்கள் கழித்தும் ஆற்றில் ஓடுவது கரையோர நிலத்திலிருந்து கசிந்துவரும் நிலத்தடி நீர். அடிப்படை ஓட்டம் என்று அதற்குப் பெயர். ஆற்றுப்பதிவில் அது நிற்கும் தேதி முன்னே வர வர, கரையோரக் கிணற்றுப் பதிவில் கோடை மட்டமும் தாழ்ந்து வந்திருப்பதைக் காணலாம். மணல் அள்ளப்பட்ட பகுதிகளில் இரண்டும் இன்னும் விரைவாக நிகழ்ந்துள்ளன.

நான்கு பதிவேடுகளையும் தனித்தனியே படிப்பதால் நேரும் பெரும்பிழை, ஒரே நீரை இரண்டு முறை எண்ணுவதாகும். கால்வாயில் கசியும் நீர் வீணாகிறது என்று பாசனப் பதிவேடு சொல்ல, அதைத் தடுக்கக் கான்கிரீட் தளமும் சுவரும் போடப்படுகின்றன. கடைமடைக்கு நீர் விரைவாகப் போய்ச்சேர்கிறது, சேமிப்பு என்று அது கணக்கில் ஏறுகிறது. அந்தக் கசிவையே நம்பிக் கால்வாயின் இருபுறமும் நூற்றுக்கணக்கான கிணறுகள் இருந்ததும், அவற்றின் மட்டம் அதன்பின் இறங்கியதும் வேறு அலுவலகத்தின் வேறு பதிவேட்டில் இருக்கின்றன. உவர்நிலத்தில் கசியும் கால்வாய்க்குத் தளம் போடுவது தேவையே, அங்கே கசிந்தது மீண்டும் கைக்கு வராது. நல்ல நீருள்ள நிலத்தில் அதையே செய்வது, நீரைச் சேமிக்காமல் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றுவதாகவே முடிகிறது. கண்மாய்க்கும் இது பொருந்தும். மடை திறக்காத ஆண்டிலும் ஆயக்கட்டுக் கிணறுகள் கண்மாய் நீரால்தான் பயிரை விளைவிக்கின்றன. ஆயினும் அந்த விளைச்சல் கிணற்றுப் பாசனம் என்று எழுதப்பட, கண்மாய் பயனற்றுப்போனதாகப் பதிவாகிறது. பயனற்றது என்று எழுதப்பட்ட கண்மாயில் கட்டடம் எழும்புவதற்கு நெடுநாள் ஆவதில்லை.

செயற்கைக்கோள்களால் இந்தக் குறை நீங்கிவிடும் என்று கருதுவோர் உண்டு. 2002-இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பில் நிகழும் சிறு மாற்றங்களிலிருந்து, ஒரு பெருநிலப்பரப்பின் மொத்த நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டின. வடமேற்கு இந்தியாவின் நிலத்தடி நீர் இறக்கத்தை உலகறியச் செய்ததில் அவற்றுக்குப் பங்குண்டு. ஆனால் அவற்றின் பார்வைக்கு ஒரு வட்டமோ ஒரு கண்மாய்த் தொடரோ தனியே தெரியாது. ஊர் அளவில் முடிவெடுக்கக் கிணற்றில் இறங்கும் நாடாவே வேண்டியிருக்கிறது; அந்த நாடா இறங்குவதற்குத்தான் இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. திறந்த கிணறுகள் வற்றியபின் குப்பை கொட்டி மூடப்படுகின்றன. முப்பது நாற்பது ஆண்டுத் தொடர்ச்சியுள்ள பதிவு, கிணறு தூர்ந்த அன்றோடு அறுந்துவிடுகிறது, அருகில் வேறு கிணற்றைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய வரிசையோடு அது ஒட்டுவதில்லை. ஆழ்துளைக் கிணறுகளோ, நீர்மூழ்கி மோட்டாரின் குழாயும் வயரும் வாயை அடைத்து, மேலே மூடியிட்டு இறுக்கப்பட்டிருப்பதால் அளக்க முடியாதவையாக உள்ளன. மோட்டாரை இறக்கும் அன்றே அதன் குழாயோடு சேர்த்து முக்கால் அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்றை, அடிப்பகுதியில் துளைகள் இட்டு, மோட்டாரின் தலைமட்டம் வரை இறக்கி, மேல்வாயில் திருகுமூடி ஒன்றைப் பொருத்திவிட்டால், அந்தக் குழாய்க்குள் மின்கருவியின் கம்பியை விட்டு எப்போது வேண்டுமானாலும் மட்டம் பார்க்கலாம். கிணற்றின் மொத்தச் செலவில் அதற்காகும் தொகை மிகச் சிறியது. அரசு மானியத்தில் அமையும் ஆழ்துளைக் கிணறுகளுக்காவது இந்தக் குழாய் இருந்தால்தான் பட்டியல் தொகை வழங்கப்படும் என்று விதி செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, ஒப்பந்த ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.